எந்த ரவை இந்தக் குழலுக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகள் ஏர் ரைஃபிளில் சுட்ட பத்து ஈய ரவையின் துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிட்டன. தாளின் மேல் நாணயத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு துளைகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பொங்கல் கழிந்த வாரத்திலும் இதே துப்பாக்கிதான், இதே பெண்தான், தூரமும் இதே பத்து மீட்டர்தான். அன்றைக்குத் தாளில் இருந்த கறுப்பு வட்டம் முழுக்க அம்மை போட்ட மாதிரி துளைகள். இடையில் ஐந்து மாதமும் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போயிருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம்.

பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். அக்கா மகள் கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறாள். என்.சி.சி.யில் சேர்ந்த பிறகு துப்பாக்கி சுடுவதில் ஆசை வந்துவிட்டது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரைக்கும் போனது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் என்று தினம் ஒரு தடவையாவது வீட்டில் சொல்லிவிடுவாள். போட்டித் துப்பாக்கி வாங்க வசதியில்லை. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் பழைய ஏர் ரைஃபிள் ஒன்று கைமாற்றில் கிடைத்தது. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் உரிமம் வேண்டாம் என்பதால் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. வந்த அன்றே தெருவில் நாலு பேர் "மடையான் அடிக்கவா?" என்று கேட்டுவிட்டார்கள். மடையான் அடித்தால் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டும் என்று நாலு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.

வெளிநாடுகளில் நிஜத் துப்பாக்கிக்குத் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தலைவலியே எந்த வெடிமருந்து என்பதுதான். சீக்கிரம் எரியும் மருந்தும் இருக்கிறது, நிதானமாக எரியும் மருந்தும் இருக்கிறது. குண்டு கனமாகக் கனமாக நிதானமாக எரிவதன் பக்கம் போவார்கள். எங்களிடம் மருந்தே கிடையாது. ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை நெருக்குகிறது, அந்தக் காற்றுதான் மருந்து. அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. மாற்ற முடிவது ரவை ஒன்றுதான். டப்பாவில் பெல்லட் என்று போட்டிருக்கும், எங்கள் பக்கம் ரவை. ஈயத்தில் செய்த குட்டி உடுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடை சிறுத்திருக்கும். பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து உள்ளே குழிவாக இருக்கும். காற்று அந்தக் குழிவுக்குள் புகுந்து பாவாடையை விரிக்க, அது குழலின் சுழல் வரிகளில் பிடித்துக்கொண்டு சுற்றியபடி வெளியே போகும்.

முதலில் இடம். பழைய தஞ்சாவூர் வீட்டில் ஒரு சௌகரியம் உண்டு. ரேழியில் நின்றால் கூடம், முற்றம், பின்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லைக் கதவு நேர்க்கோட்டில் தெரியும். டேப் வைத்து அளந்தால் 11 மீட்டர் 20 செ.மீ. வந்தது. பின்பக்கத் தடுப்புக்குப் பழைய பலகைப் பெட்டி ஒன்று எடுத்து, உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு நிறுத்தி, முன்னால் ஒரு சாண் கனத்துக்குக் குளத்துக் களிமண் அடைத்தேன். வயல் மண் வேண்டாம், குருணிக்கல் இருக்கும். களிமண்ணில் ஒரு சிக்கல் எனக்கு மாசியில்தான் தெரிந்தது. காய்ந்து வெடித்தால் ரவை உள்ளே புதையாமல் திரும்பி வருகிறது. ஒன்று என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து ராத்திரி ஈரச்சாக்குப் போர்த்துவதும், சுடும்போது இருவரும் கண்ணாடி போடுவதும் கட்டாயம். சுட்டு முடிகிறவரை கொல்லைக் கதவுக்கு உள்தாழ். என் அம்மா மட்டும் "கொல்லைக்குப் போக உன்கிட்ட டிக்கெட் வாங்கணுமாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்று டப்பா வாங்கினேன். உள்நாட்டு மலிவு ரவை 180 ரூபாய், கூர்முனை ரவை 200, தலை தட்டையான வெளிநாட்டுப் போட்டி ரவை 1,150. ஆளுக்குப் பெயர் தெரிந்தால் மனசு சாயும் என்று மூன்றையும் மூன்று கிண்ணத்தில் கொட்டி, அடியில் கோலமாவால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டாள். எல்லாவற்றிலும் நெருக்கமாக விழுந்தது மலிவு ரவை! வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து, அதில் 4.5 கழித்தால் துளை மையங்களின் தூரம் வரும். வந்தது 11 மி.மீ. அன்றைக்குச் சாயங்காலமே கும்பகோணம் போய் அதே ரவையில் இன்னும் நாலு டப்பா வாங்கி வந்தேன். 720 ரூபாய். மறுநாள் அதே ரவையில் அடுத்த ஐந்து, 26 மி.மீ. அதற்கடுத்த ஐந்து, 22. முதல் ஐந்து ஏதோ குருட்டு யோகம். ஐந்து துளையை நம்பிக் கடைக்கு ஓடக்கூடாது.

"மாமா, துப்பாக்கியில ஏதோ ஆடுது" என்றாள் அவள். நான் கவனிக்கவில்லை. நாலு நாள் கழித்துக் கட்டையைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன், கட்டையைப் பிஸ்டன் அறையோடு சேர்க்கும் முன்பக்கத் திருகு இரண்டும் முக்கால் சுற்றுத் தளர்ந்திருந்தன. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். அந்த உதறலில் திருகு கழன்றுகொண்டே வரும். தினம் மோட்டார் பிரிக்கிறவன், அதிர்கிற எதிலும் முதலில் நட்டைத் தொட்டுப் பார்க்கிறவன், இதில் மட்டும் ரவையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை சுட்ட ஏறக்குறைய இருநூறின் கணக்கையும் நோட்டில் கோடு போட்டு அடித்தேன். இப்போது இருபது சுட்டதும் ஒரு தடவை திருகைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

கையோடு இன்னும் இரண்டு சரிசெய்தேன். குழல் மடங்குமிடத்தில் ரப்பர் வளையம் நைந்திருந்தது. டிஷ்யூ தாளைக் கிழித்து மூட்டின் மேல் வைத்துச் சுட்டால் தாள் பறந்தது. பத்து ரூபாய் வளையம் போட்டதும் நின்றுவிட்டது. அடுத்தது தாங்குபலகை. தேக்குப் பெஞ்சின் மேல் நேராகத் துப்பாக்கியை வைத்துச் சுட்டபோது உதறல் பெஞ்சில் மோதி முனை மேலே எகிறிக்கொண்டிருந்தது. உமி நிரப்பிய தலையணை, அதன் மேல் அவள் உள்ளங்கை, உள்ளங்கையில் துப்பாக்கி சும்மா கிடக்கிறது. இறுக்கிப் பிடித்தால் கெட்டது.

அடுத்து செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூச்சம். எல்லாம் சரிசெய்த உற்சாகத்தில் பிஸ்டன் அறைக்குள் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். முதல் சூட்டில் 'டப்' என்பது 'டமார்' ஆனது. குழல் வாயில் நீலப் புகை, கூடம் முழுக்கக் கருகிய எண்ணெய் வாசனை. நெருக்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டுவிட்டது. அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் துப்பாக்கிக்கும் மருந்து இருந்தது! எவ்வளவு கூடியது என்று பார்க்க வேகமானி இல்லை. போன் இருந்தது.

குழல் வாய்க்குப் பக்கத்தில் போனை வைத்து ஒலிப்பதிவு. களிமண்ணில் ரவை புதையும் சத்தம் கேட்காது என்பதால் தாளுக்குப் பின்னால் பிஸ்கட் டின் மூடி ஒன்றைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டினேன். பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு முள் தெரியும், ஒன்று சூடு, இன்னொன்று மூடி. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தில் ரவை போன நேரமும், மூடிச் சத்தம் திரும்பி வந்த நேரமும் சேர்ந்திருக்கும். 30 டிகிரி வெயிலில் சத்தம் வினாடிக்கு 349 மீட்டர் போகும். பத்து மீட்டருக்கு 28.7 மில்லிவினாடி, அதைக் கழிக்க வேண்டும். எண்ணெய் விட்ட அன்று இடைவெளி 76, ஆக வேகம் வினாடிக்கு 211 மீட்டர். அடுத்தடுத்த சூடுகளில் 78, 80, 83 என்று ஏறி, நாற்பது ரவை போன பிறகு 84-ல் நின்றது. அதாவது 181 மீட்டர். பிஸ்டன் மோதும் சத்தமும் முதல் முள்ளில் கலந்திருப்பதால் இதைத் துல்லியமான எண் என்று சொல்ல மாட்டேன். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடப் போதும். 0.53 கிராம் ரவைக்கு 181 மீட்டர் என்றால் 8.7 ஜூல் வருகிறது.

கனமான ரவை உதறலை அடக்குமோ என்று 0.67 கிராமில் உருண்டைத் தலை டப்பா ஒன்றும் வாங்கினேன், 850 ரூபாய். 158 மீட்டர்தான் போனது. நெருக்கமும் வரவில்லை. ஸ்பிரிங்குக்கு அந்தச் சுமை அதிகம். தள்ளத் தள்ள ரவை நகர மறுக்கிறது, பிஸ்டன் காற்றில் மோதித் திரும்புகிறது. அதோடு அதை ஒதுக்கிவைத்தேன்.

பங்குனியில் எடை பைத்தியம் பிடித்தது. ரவைக்கு ரவை எடை மாறுவதால்தான் சிதறுகிறது என்று முடிவுகட்டி 350 ரூபாய்க்குச் சின்னத் தராசு வாங்கினேன். அது 0.01 கிராம்தான் காட்டும். அரை கிராம் பொருளில் அது இரண்டு சதவீதம். மலிவு ரவையில் பெரும்பாலானவை 0.50, 0.51 என்று ஒரே பாட்டைப் பாடின. அப்புறம் 1,750 ரூபாய்க்கு மில்லிகிராம் தராசு. 2011-லிருந்து 2018 வரை அடித்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், தேயாததாக ஒன்றைப் பார்த்து வைத்தேன், சரியாகக் காட்டியது. ரவை டப்பாவில் எடையை கிரெயினில் போடுகிறார்கள். கிரெயின் என்றால் தானிய மணிதான். நம் பத்தர்கள் கணக்கிலும் நாலு நெல்லெடை ஒரு குன்றிமணி. சும்மா ஒரு சி.ஆர். 1009 நெல்லை வைத்துப் பார்த்தேன், 24 மி.கி. வெள்ளைக்காரன் கிரெயின் 64.8 மி.கி. எந்த தானியத்தை வைத்து அளந்தானோ!

மில்லிகிராம் தராசில் மின்விசிறி ஓடக்கூடாது, மூச்சு படக்கூடாது. பங்குனி வெயிலில் கதவைச் சாத்தி, வேட்டியும் துண்டுமாக உட்கார்ந்து மூன்று ராத்திரியில் ஐநூறு நிறுத்தேன். மலிவு ரவை 0.468-லிருந்து 0.531 வரை போனது, போட்டி ரவை 0.527-லிருந்து 0.534-க்குள். மலிவில் ஒரே எடையாக முப்பது பொறுக்கி எடுத்துச் சுடச் சொன்னேன். பத்துப் பத்தாக மூன்று தடவை: 23, 25, 21. பொறுக்காமல் சுட்டது சராசரி 24. அவ்வளவுதான்.

"எதுக்கு மாமா மூணு ராத்திரி?" என்றாள்.

கேட்ட பிறகுதான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ரவை பத்து மீட்டர் போக 55 மில்லிவினாடி. அந்த நேரத்தில் பூமி இழுப்பில் 15 மி.மீ. இறங்குகிறது. எடை ஆறு சதவீதம் கூடினால் வேகம் ஏறக்குறைய மூன்று சதவீதம் குறையும், இறக்கம் ஆறு சதவீதம் கூடும். 15-ல் ஆறு சதவீதம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! எனக்குச் சிதறுவதோ 24. நிறுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் 2,100 ரூபாய் மிச்சம், தூக்கமும் மிச்சம்.

எடை இல்லை என்றால் அளவு. காயில் கம்பி அளக்கும் ஸ்க்ரூ கேஜ் கடையில் இருக்கிறது, அதில் ரவையின் தலையை அளக்கலாம் என்று பார்த்தேன். ஈயம் வெண்ணெய் மாதிரி. கேஜ் வாய் பட்டதும் நசுங்கி, அளக்க அளக்க 4.50, 4.48, 4.46 என்று இறங்கிக்கொண்டே போனது. அந்த ரவைகள் அத்தோடு வீண்.

கடைசியில் வழிகாட்டியது உடைந்த அலமாரிக் கண்ணாடி. ரவையின் தலையும் பாவாடையும் ஒரே விட்டம் இல்லை, அதனால் சமதளத்தில் உருட்டினால் நேரே போகாது, வில்லாக வளைந்து போகும். தலையோ பாவாடையோ ஒரு நூலிழை மாறினாலும் வளைவு மாறி வேறிடத்தில் போய் நிற்கும். கண்ணாடியைத் தரையில் போட்டு, ஒரு பக்கத்துக்குத் தீப்பெட்டியைப் படுக்கவைத்து முட்டுக் கொடுத்தேன். மேல் ஓரத்தில் மார்க்கரால் கோடு. கோட்டில் ரவையைக் கிடத்தி, ஸ்கேலால் தடுத்து, ஸ்கேலை மெல்லத் தூக்கினால் உருளும். கீழ் ஓரத்தில் மாவுக் கரைசலால் கட்டம் கட்டினேன். போட்டி ரவை நூறில் 93 ஒரே கட்டத்தில் போய் விழுந்தது. மலிவு ரவை நூறில் 41 நடுக்கட்டம், 37 கண்ட இடத்தில், மிச்சம் 22 நொண்டிக்கொண்டே பாதியில் நின்றது. நொண்டியவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பாவாடை ஓரம் நெளிந்திருந்தது. டப்பாவில் குலுங்கி வந்ததோ, செய்யும்போதே அப்படியோ தெரியாது. நெளிந்த ஓரத்தில் காற்று ஒரு பக்கமாக ஒழுகும், ரவை குழலை விட்டுக் கோணலாக வெளியே வரும்.

நடுக்கட்டத்து 41-லிருந்து முப்பது எடுத்துச் சுட்டாள், சராசரி 14. எடை நிறுத்துக் கிடைக்காதது செலவே இல்லாத கண்ணாடியில் கிடைத்தது.

ஆனால் போட்டி ரவையும் 12-க்குக் கீழே வர மறுத்தது. இதை அவள்தான் பிடித்தாள். "இந்த ரவை குழல்ல தானா விழுந்துடுது மாமா. கூர்முனை ரவையைக் கட்டைவிரலால அழுத்தணும், இதை அழுத்தவே வேணாம்." டப்பாவின் பின்னால் இருந்த சின்ன ஸ்டிக்கரை அப்போதுதான் பார்த்தேன், தலை அளவு 4.49. அதே ரவை 4.50, 4.51 என்றும் வருகிறது. எங்கள் குழலில் பழைய ஆள் எவ்வளவு சுட்டானோ, கொஞ்சம் அகண்டிருக்கிறது போல. 4.51 வரவழைத்தேன், 1,200 ரூபாய். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகத் தயங்கி, ஒரு 'க்ளுக்'கோடு உட்கார்ந்தது. முதல் பத்து ஒன்றும் பிரமாதமில்லை, 15. பழைய ரவையின் ஈயம் குழலில் படிந்திருக்கும், புது ரவைக்குக் குழல் பழக இருபது ரவையாவது சுட வேண்டும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் பதறவில்லை. அடுத்த மூன்று பத்து: 9, 8, 9.

அந்த மூன்றையும் சுட்டது குடமுருட்டியில் தண்ணீர் வந்த வாரம். ஊரே நாற்றங்கால் வேலையில் இருந்தது, நான் கொல்லைக் கதவோரம் தாளுக்குப் பக்கத்தில் ஸ்கேலோடு நின்றுகொண்டிருந்தேன்.

மொத்தச் செலவு 6,410 ரூபாய். திருப்பிச் செய்வதானால் முதல் நாளே திருகு, ரப்பர் வளையம். அப்புறம் 4.49, 4.51 இரண்டிலும் தட்டைத்தலை ரவை ஒவ்வொரு டப்பா, பின்னே கண்ணாடி. தராசே வேண்டாம். ரவை மாற்றும்போதெல்லாம் முதல் இருபதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன், பத்துக்குக் குறைந்த சூட்டை அளக்கவே மாட்டேன். ஐப்பசி மழைக்கு முன் டப்பாக்களை மூடி இறுகும் எவர்சில்வர் சம்படத்துக்கு மாற்ற வேண்டும். போன அடைமழையில் கிணற்றடி மாடத்தில் விட்ட பழைய டப்பா ஒன்றில் ஈயம் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. அதைச் சுடவில்லை. ரவையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது என்று அக்காவிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

மலிவு ரவையில் இன்னும் இரண்டரை டப்பா கிடக்கிறது. கண்ணாடியில் உருட்டித் தேறியதை அவள் கை பழகச் சுடுகிறாள். களிமண்ணைப் போன வாரம் தண்ணீரில் கரைத்து அரித்தேன், அறுநூறு கிராமுக்கு மேல் ஈயம் தேறியது. பக்கத்து வீட்டுக்காரர் வீச்சு வலைக்குக் குண்டு கோக்க வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்படியில் வைத்து உருக்கக்கூடாது, கொல்லையில் காற்றோட்டமாக உருக்கணும் என்ற நிபந்தனையோடு மொத்தத்தையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். நேற்று வந்து, வலைக்கு இன்னும் கால் கிலோ குறைகிறது, பாப்பாவை வேகமாகச் சுடச் சொல்லுங்கள் என்கிறார்.